பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் உங்களால் மறக்கவே முடியாத அத்தியாயம் எது? ஏன்?

'வார் டான்'. போரின் விடியல் என்று சொல்லலாம். இரண்டாவது சீசனில், 1985 டிசம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் வைஸ்.

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் தன் ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தொடர் முழுவதையும் வைத்திருந்தான். 1984 முதல் 1987 வரை நான்கு சீசன், மொத்தம் 98 அத்தியாயங்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் ஊருக்குப் போகாமல் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. மெகாட்ரான் ஏதாவது ஓர் இடத்தில் ஆற்றலைத் திருடப் பார்ப்பான், ஆப்டிமஸ் பிரைம் வந்து தடுப்பார், கடைசியில் டிசெப்டிகான்கள் பறந்து ஓடுவார்கள். 'வார் டான்' மட்டும் அப்படிக் கலக்கவில்லை. இன்றும் அதன் காட்சிகள் வரிசையாக நினைவில் இருக்கின்றன.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சைபர்ட்ரான் என்ற உலோகக் கோளில் இரண்டு கட்சி ரோபோக்கள்: ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள். எனர்ஜான் என்ற ஆற்றலுக்காக யுகக்கணக்கில் சண்டை. ஒரு கட்டத்தில் இரு தரப்பும் பூமியில் வந்து விழுந்து, 40 லட்சம் ஆண்டுகள் ஓர் எரிமலைக்குள் உறங்கி, 1984இல் விழிக்கிறார்கள். இங்கே ஆட்டோபாட்கள் பெரும்பாலும் கார், லாரி, வேன் என்று தரையில் ஓடும் வண்டிகளாக மாறுவார்கள். டிசெப்டிகான்களின் முன்வரிசை வீரர்கள் போர் விமானங்கள். அது மட்டுமல்ல, அந்தக் கார்ட்டூனில் டிசெப்டிகான் என்றாலே பறப்பான். கைத்துப்பாக்கியாக மாறுகிற மெகாட்ரானும் ரோபோ உருவத்தில் அப்படியே வானத்தில் எழும்பிப் போவான். ஆட்டோபாட்கள் கீழே நின்று அண்ணாந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஒரு வேறுபாட்டை முதல் சீசன் முழுவதும் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 'வார் டான்' அதைத்தான் பிடித்துக்கொண்டது.

இதற்குச் சில அத்தியாயங்கள் முன்பு 'தி கீ டு வெக்டர் சிக்மா' என்று இரண்டு பாகக் கதை ஒன்று வரும். அதை எழுதியவரும் டேவிட் வைஸ்தான். வெக்டர் சிக்மா என்பது ரோபோக்களுக்கு உயிர் கொடுக்கிற ஒரு பெரும் கணினி. மெகாட்ரான் கார்களைத் திருடி, ஸ்டண்டிகான்கள் என்ற புதுக் கூட்டத்தை உருவாக்கி, சாலையிலும் ஆட்டோபாட்களை மடக்கிவிடுவான். அதற்குப் பதிலடியாக ஆப்டிமஸ் பழைய விமானங்களிலிருந்து ஐந்து பேரை உருவாக்குவார். அவர்கள்தான் ஏரியல்பாட்கள்: சில்வர்போல்ட், ஏர் ரெய்டு, ஸ்கைடைவ், ஃபயர்ஃப்ளைட், ஸ்லிங்ஷாட். ஐவரும் சேர்ந்தால் சூப்பீரியன் என்ற ராட்சத ரோபோ.

இவர்களுடைய தலைவன் சில்வர்போல்ட் கான்கார்டு விமானமாக மாறுவான், ஆனால் அவனுக்கு உயரம் என்றால் பயம். மற்ற நால்வரைப் பற்றிய கவலை இருந்தால் தன் பயத்தை மறந்துவிடுவான் என்றுதான் ஆப்டிமஸ் அவனையே தலைவனாக்கினார். இருபத்திரண்டு நிமிடக் கார்ட்டூனில் இப்படி ஒரு யோசனையை வைத்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, இந்த ஐந்து பேரும் புதிதாகப் பிறந்தவர்கள். எனர்ஜானுக்காக நடந்த சண்டையை அவர்கள் பார்த்ததில்லை. கண் திறந்ததும் "அதோ அவர்கள் எதிரி, போய்ச் சுடு" என்று யாரோ சொல்கிறார்கள். அவர்கள் பார்க்கும்போது தெரிவது என்ன? தங்களைச் சுற்றி நிற்கும் சொந்தக் கட்சிக்காரர்கள் எல்லாம் கார்களும் வேன்களும். வானத்தில் தங்களைப் போலவே இருப்பவர்கள் எதிரிகள். ஏர் ரெய்டு மாறும் விமானம் எஃப்-15. ஸ்டார்ஸ்க்ரீம் மாறுவதும் அதே எஃப்-15தான். உருவம் ஒன்று, வேகம் ஒன்று, பறப்பதில் இருக்கிற பெருமிதமும் ஒன்று. அப்புறம் ஏன் இந்தத் தரைவண்டிகளுக்காக அவர்களோடு சண்டை போட வேண்டும்?

'வார் டான்' தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். ஏரியல்பாட்கள், குறிப்பாக ஸ்லிங்ஷாட், வாய்விட்டே கேட்கிறார்கள். டிசெப்டிகான்கள் வலிமையானவர்கள், அழகாகப் பறக்கிறார்கள், அவர்களிடம் என்ன தப்பு? குழந்தைகளுக்கான தொடரில் நல்லவர் பக்கம் நிற்கிற ஐந்து பேர் கெட்டவர்களைப் பார்த்து வியப்பது சாதாரண விஷயமில்லை. ஆப்டிமஸ் அவர்களுக்கு என்ன விளக்கிச் சொன்னாலும் அது வெறும் சொல்லாகத்தான் இருக்கும். பார்க்காதவனுக்குப் போரை எப்படிப் புரியவைப்பது?

பிறகு அவர்கள் மெகாட்ரானின் வலையில் சிக்குகிறார்கள். குரோனோஸ்ஃபியர் என்ற காலப்பயண இயந்திரம் அவர்களைச் சைபர்ட்ரானின் பழைய காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. போர் இன்னும் தொடங்காத பொற்காலம். கோபுரங்கள் மின்னுகின்றன, தெருக்கள் அமைதியாக இருக்கின்றன. அங்கே ஒரு சரக்குத்துறையில் மூன்று பேரைச் சந்திக்கிறார்கள். ஓரியன் பாக்ஸ் என்ற இளைஞன், அவனுடைய தோழி ஆரியல், நண்பன் டையன்.

ஓரியன் சரக்குத்துறைத் தொழிலாளி. போர்வீரன் இல்லை, தலைவன் இல்லை, ராஜ பரம்பரை இல்லை. மூட்டை ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை பார்க்கிற, எதைப் பார்த்தாலும் வியந்துபோகிற ஒரு வெள்ளந்திப் பையன். ஏரியல்பாட்கள் பறந்து வருவதைப் பார்த்து வாய் பிளக்கிறான். அந்தக் காலத்தில் பறக்கும் ரோபோக்கள் புது வரவு. அவர்களில் ஒருவன் அவனுக்குப் பெரிய ஆதர்சம். அவன் பெயர் மெகாட்ரான்.

இதை முதன்முதலில் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காலம் கடந்து வந்த ஐந்து பேரும் அந்தக் காலத்திலேயே இருக்கிற ஓரியனும் ஒரே மயக்கத்தில் இருக்கிறார்கள். "பறக்கிறவன் உயர்ந்தவன்." ஐந்து பேருக்கு முன்னால் அவர்களுடைய பிம்பத்தையே கதை கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் அவர்களுக்கு அது இன்னும் தெரியாது.

மெகாட்ரான் ஒரு நாள் அந்தத் துறைக்கே வருகிறான். அங்குள்ள கிடங்குகளைப் பற்றி விசாரிக்கிறான். தான் போற்றுகிற மனிதன், மன்னிக்கவும், ரோபோ, தன்னிடமே வந்து பேசுகிறான் என்றால் ஓரியனுக்கு எப்படி இருந்திருக்கும்? மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறான். மெகாட்ரானுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் எனர்ஜான். துப்பாக்கி உயர்கிறது. ஓரியன் விழுகிறான், ஆரியல் விழுகிறாள், டிசெப்டிகான்கள் கிடங்கைச் சூறையாடுகிறார்கள்.

அந்தக் கணத்தில் ஓரியன் ஏன் என்று கேட்கிற தோரணை இருக்கிறதே, அதுதான் என்னை விடவில்லை. அவனுக்கு வலி குண்டு பட்டதால் மட்டும் வந்ததில்லை.

இங்கே என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் முதல் வேலை எனக்கு ஒரு சரக்குக் கிடங்கில் கிடைத்தது. ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவது, லோடு சரிபார்ப்பது, கேட் பாஸ் போடுவது. அங்கே முன்பு மேலாளராக இருந்து வேறு இடத்துக்குப் போன ஒருவர் இருந்தார். நன்றாகப் பேசுவார், எந்தச் சிக்கலையும் இரண்டு போன் காலில் முடித்துவிடுவார். அவரைப் போல ஆக வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. ஒரு சாயங்காலம் அவரே போன் செய்தார். "தம்பி, ஒரு வண்டி வரும், பேப்பர் காலையில் அனுப்புறேன், நீ லோடை விட்டுடு" என்றார். என்னை நம்பிக் கேட்கிறாரே என்ற பெருமையில் நான் கேட் பாஸ் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டேன். காலையில் பேப்பர் வரவில்லை. அந்தச் சரக்கும் திரும்ப வரவில்லை.

அன்றிரவு எனக்கு ஓரியன் பாக்ஸ் நினைவு வந்தான். பொய்யாகச் சொல்லவில்லை. போனில் அவரிடம் நான் சிரித்த சிரிப்பும் அவன் சிரிப்பும் ஒன்றுதான். எதிரி உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். நாமே ஆசையோடு வழிவிட்டால் அந்தக் கோபம் நம் பக்கம் திரும்பிவிடுகிறது. மாதக்கணக்கில் நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னோடு இருந்த மூத்த சூப்பர்வைசர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், முதலாளியிடம் போய் "பையன் மேல தப்பு இல்லைங்க, நான் பார்த்திருக்கணும்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். இருவர் சம்பளத்திலும் பிடித்தார்கள். வேலை போகவில்லை. இன்றைக்கும் நான் அதே துறையில்தான் இருக்கிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

அத்தியாயத்துக்கு வருகிறேன்.

சுடப்பட்டுக் கிடக்கிற ஓரியனை ஏரியல்பாட்கள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவன் வழியில் சந்தித்த ஒரு சரக்குத்துறைப் பையன், அவ்வளவுதான். தங்கள் காலத்துக்கு எப்படித் திரும்புவது என்பதே பெரிய கவலை. ஆனாலும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆல்ஃபா டிரையன் என்ற பழங்கால ரோபோவிடம் கொண்டுபோய், இவனைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறார்கள்.

ஆல்ஃபா டிரையன் தாடி வைத்த முதியவர் போல இருப்பார். உடல் முழுக்கச் சிதைந்துபோன ஓரியனைப் பழையபடி சரிசெய்ய வழியில்லை. அவரிடம் ஒரு புதுக் கட்டமைப்பு முறை இருக்கிறது, சண்டையைத் தாங்கக்கூடிய உடல். அதில் ஓரியனை மீண்டும் உருவாக்குகிறார். மேஜையிலிருந்து எழுகிறவரைப் பார்த்ததும் ஐந்து பேருக்கும் பேச்சு வரவில்லை. சிவப்பு, நீலம், அந்த முகக்கவசம். யாருடைய பேச்சைக் கேட்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்களோ, அவரேதான். ஆப்டிமஸ் பிரைம்.

இதன் அழகைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர்களுடைய தலைவர் ஒரு காலத்தில் அவர்களைப் போலவே மெகாட்ரானைப் பார்த்து மயங்கியவர். அதன் விலையைத் தன் உடலால் கொடுத்தவர். ஆகவே நிகழ்காலத்தில் அவர்கள் அவரிடம் "டிசெப்டிகான்களிடம் என்ன தப்பு?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியை அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் வேறு யாரும் இல்லை. இது நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு அந்த முதல் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அவருடைய பொறுமை வேறு மாதிரித் தெரியும்.

பீட்டர் கல்லன் ஆப்டிமஸுக்குக் கொடுத்த குரலையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய அண்ணன் லாரி வியட்நாம் போரில் இருந்த மரீன் வீரர். இந்தப் பாத்திரத்துக்குக் குரல் தேர்வு நடந்த நாளில், கத்திக் கூச்சல் போடுகிற ஹாலிவுட் வீரனாக இருக்காதே, மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமையோடு இரு என்று தம்பியிடம் அண்ணன் சொல்லி அனுப்பினாராம். கல்லன் இதைப் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய பிறகு, அந்த மென்மை எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு பதிலை 'வார் டான்' கொடுத்துவிடுகிறது. பிறவித் தளபதிக்கு அது வந்திருக்காது, விழுந்து எழுந்தவனுக்குத்தான் வரும்.

இதெல்லாம் பொம்மை விற்க எடுத்த தொடர்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாகுளோன், மைக்ரோமேன் என்ற வரிசைகளில் விற்ற பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி, புதுப் பெயர் கொடுத்து, அவற்றுக்குக் கதை எழுதித்தர மார்வெலிடம் போனது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரைச் சூட்டியவர் காமிக்ஸ் எழுத்தாளர் டென்னிஸ் ஓநீல். மெகாட்ரான் உட்பட இன்னும் பல பெயர்களையும் குணங்களையும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஏரியல்பாட்களும் கடைக்கு வரவிருந்த புதுப் பொம்மைகள்தான். அவர்களை அறிமுகப்படுத்தியே ஆக வேண்டும் என்பது எழுத்தாளருக்கு வந்த உத்தரவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஓரியன் பாக்ஸுக்கு அன்று பொம்மை கிடையாது. ஆரியலுக்கும் டையனுக்கும் கிடையாது. விற்க ஒன்றுமே இல்லாத மூன்று பாத்திரங்களை உருவாக்கி, கதையின் எடை முழுவதையும் அவர்கள் மேல் வைத்தது டேவிட் வைஸின் சொந்த ஆசை என்றே நான் நினைக்கிறேன்.

குறைகள் உண்டு. அந்தக் காலத்துத் தொடருக்கே உரிய நிறப் பிழைகள், அவசரமாக முடியும் சண்டைகள். எனக்குப் பெரிய வருத்தம் டையனைப் பற்றி. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நண்பன், தாக்குதலுக்குப் பிறகு கதையிலிருந்தே காணாமல்போய்விடுகிறான். ஆரியலுக்காவது பதில் இருக்கிறது, அவள்தான் எலிட்டா ஒன் என்ற ஆட்டோபாட் வீராங்கனை ஆகிறாள். டையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன்தான் அயர்ன்ஹைடு, இல்லை அல்ட்ரா மேக்னஸ் என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஊகங்களை நான் ஒதுக்க மாட்டேன். பிடித்த ஒருவன் செத்துப்போனான் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பிறந்த ஊகங்கள் அவை.

இன்னொன்று. இந்த ஒரே அத்தியாயத்தில் அறிமுகமான ஓரியன் பாக்ஸ் என்ற பெயர் அதோடு மறைந்திருக்க வேண்டியது. மறையவில்லை. 2010இல் வந்த தொடரில் ஓரியன் ஆவணங்களைப் பராமரிக்கும் எழுத்தர். 2024இல் வந்த திரைப்படத்தில் சுரங்கத் தொழிலாளி. வேலை மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சாதாரண வேலைக்காரன் என்பது மட்டும் மாறவில்லை. 1985இல் ஒரு சரக்குத்துறையில் வைத்த அந்த அஸ்திவாரத்தை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக யாரும் பெயர்க்கவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: நேரடியாக இதைப் போடாதீர்கள். முதலில் 'தி சர்ச் ஃபார் ஆல்ஃபா டிரையன்' பாருங்கள், எலிட்டா ஒன் யார் என்று தெரியும். பிறகு 'தி கீ டு வெக்டர் சிக்மா' இரண்டு பாகமும். அப்புறம் 'வார் டான்'.

இந்த வரிசையில் பார்த்தால்தான் இன்னொரு விஷயம் பிடிபடும். நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். 'வெக்டர் சிக்மா' கதையின் முடிவில், ஏரியல்பாட்களுக்கு உயிர் கொடுக்க வேண்டிய சாவி மெகாட்ரான் கையில் போய்விடும். வேறு வழியில்லாமல் ஆல்ஃபா டிரையன் தானே சாவியாகி, அந்தப் பெரும் கணினியோடு கலந்து மறைந்துவிடுவார். ஐந்து பேரும் கண் திறக்கும்போது அவர் இருக்க மாட்டார். முகம்கூடத் தெரியாத யாரோ ஐந்து பேருக்காக ஒரு முதியவர் தன்னைக் கொடுத்துவிட்டார் என்றுதான் அப்போது தோன்றும்.

ஆனால் கால வரிசைப்படி, 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் அந்த ஐந்து பேரையும் பார்த்துவிட்டார். அடிபட்ட ஒரு சரக்குத்துறைப் பையனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அவருடைய வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். தொடரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த இரண்டாம் பாகத்தின் கடைசிச் சில நிமிடங்களை, அவருக்கு அவர்களை முன்பே தெரியும் என்ற நினைவோடு இன்னொரு முறை பாருங்கள்.